‘குண்டு’ ஆங்கிலச் சொல்லா?

 

ஆசிரியர் ஒருவர் மாணவியின் கட்டுரைப் புத்தகத்தில் சிவப்புக் கோடு ஒன்று போட்டார். அந்தக் கோடு சரியா, தவறா என்று பார்க்க ஒரு முழு நாளைச் சிங்கப்பூரில் செலவிட நேர்ந்தது. கோடு போட்ட ஆசிரியர் நாமேதான். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம். சம்பந்தப்பட்ட பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள். அவளிடமும் அவள் தந்தையிடமும் கேட்டுக்கொண்ட பிறகே சொல்கிறோம்.

நம் பள்ளி ஜொகூர் மாநிலத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டியுள்ள தமிழ்ப்பள்ளி. ஒரு காலத்தில் அங்கே பால்மரம் நின்றது. பிள்ளைகளின் பாட்டனும் பாட்டியும் பால்வெட்டுக்குப் போனவர்கள். இன்றைய தந்தையர் பலர் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு, பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இரவு அவர்கள் திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிப் போயிருக்கும்.

2017ஆம் ஆண்டு அது. ஆள் பற்றாக்குறையால் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு ஆங்கிலமும் நம் தலையில் விழுந்திருந்தது. ‘என் தந்தை’ என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு சிறுமி நன்றாக எழுதியிருந்தாள். அவள் தந்தை சிங்கப்பூரில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவளையும் அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பட்டறைத் தவுக்கே சீனர். அவர் தன் தந்தையை அடிக்கடி ‘குண்டு’ என்று கூப்பிடுகிறார், ஆனால் தன் தந்தையோ ஒல்லி, இது ஏன் என்று தெரியவில்லை என்று எழுதி, ‘ஜீ, ஓ, ஓ, என், டீ, யூ’ என்று எழுத்துக்கூட்டி அந்தச் சொல்லையும் போட்டிருந்தாள்.

நாம் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, ‘இது ஆங்கிலச் சொல் அன்று, தமிழ்ச் சொல்’ என்று ஓரத்தில் எழுதி இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தோம். அந்த இரண்டு மதிப்பெண்ணால் வட்டாரப் போட்டிக்கு அனுப்பவிருந்த மூன்று கட்டுரைகளில் அவளுடையது இடம் பெறாமல் போயிற்று. அனுப்புவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

மறுநாள் அவள் மேசைக்கருகில் வந்து நின்றாள். அழவில்லை. “சார், தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரியாதவர் எப்படி சார் தமிழ் பேசுவார்?” என்று கேட்டாள்.

பயிற்சிக் கல்லூரியில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை எழுதி வந்திருக்கிறோம். இதற்கு விடை இல்லை. பள்ளியிலிருந்த ஆங்கில அகராதியைப் புரட்டினோம். அந்தச் சொல் அதில் இல்லை. “பார், இல்லை” என்று அவளிடம் காட்டினோம். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். தலையாட்டினாளே தவிர ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவள் நடந்து போன விதத்திலேயே தெரிந்தது.

நேயர்களே, அகராதியில் இல்லை என்றால் சொல் இல்லை என்று ஆகிவிடுமா? அகராதியில் இருந்தால் மட்டும் சொல் உண்டு என்று ஆகிவிடுமா? இதற்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும்.

1934ஆம் ஆண்டு அங்கே வெப்ஸ்டர் என்னும் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. அதில் ‘டோர்ட்’ என்று ஒரு சொல். அதற்கு ‘அடர்த்தி’ என்று பொருள் போட்டிருந்தார்கள். பேரறிஞர்கள் கூடிச் செய்த அகராதி. யார் ஐயப்படுவார்கள்? ஐந்தாண்டு கழித்து, 1939இல், அகராதி அலுவலகத்திலேயே ஒருவர் அந்தச் சொல்லுக்கு வேர் எதுவும் தரப்படவில்லையே என்று கவனித்துத் தேடிப் பார்த்தார். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. அடர்த்தி என்பதைக் குறிக்க ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ எழுதலாம் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்திருந்தார்கள். ‘பெரிய டி அல்லது சின்ன டி’ என்று இருந்ததை, இடைவெளி விட்டிருந்ததைக் கவனியாமல் ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்து, அச்சுக்கும் அனுப்பிவிட்டார்கள். உலகில் எவரும் ஒருநாளும் பேசாத சொல் அது. அதை அகராதியிலிருந்து நீக்க 1947ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இத்தகைய சொற்களுக்கு ஆங்கிலேயர் ‘பேய்ச் சொல்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். உருவம் தெரியும், உயிர் இராது.

இது தவறுதலாக நடந்தது. வேண்டுமென்றே நடந்ததும் உண்டு. புதிய ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில், கடமையிலிருந்து வேண்டுமென்றே நழுவுவதைக் குறிக்க ‘எஸ்குவிவேலியன்ஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. அகராதி செய்தவர்கள் தாமே கற்பனையாகக் கட்டியது அது. யாராவது தங்கள் உழைப்பைத் திருடி வேறு அகராதி போட்டால் அந்தச் சொல்லும் கூடவே போகும், திருடன் அகப்படுவான் என்று வைத்த பொறி. 2005இல் இது அம்பலமாயிற்று. ஒரு சொல்லைப் பத்து அகராதியில் கண்டாலும், ஒன்பதும் முதல் அகராதியைப் பார்த்து எழுதியவையாக இருந்தால் அது ஒரே சாட்சிதான்.

அப்படியானால் உண்மையான சாட்சி எது? இதைக் கண்டு சொன்னவர்களுள் முக்கியமானவர் நம்மைப்போல் ஒரு பள்ளி ஆசிரியர். ஜேம்ஸ் மர்ரே என்பது அவர் பெயர். லண்டனுக்கு அருகே மில் ஹில் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரிடம் 1879இல் ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் பொறுப்பு வந்து சேர்ந்தது. வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டில் ஒரு கொட்டகை போட்டார். சுவர் முழுக்கப் புறாக்கூடு போன்ற அறைகள். பிறகு நாட்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நீங்கள் படிக்கும் நூலில் ஒரு சொல் வந்தால், அது வந்த முழு வாக்கியத்தையும், நூலின் பெயரையும், ஆண்டையும், பக்கத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்புங்கள் என்பதுதான் அந்த வேண்டுகோள். தாள்கள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தன. ‘இப்படி ஒரு சொல் உண்டு’ என்று சொல்வதை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. அந்தச் சொல்லைத் தன் காரியத்துக்காக ஒருவர் பயன்படுத்திய வாக்கியம் எங்கே என்றே பார்த்தார்கள். அகராதியின் முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. மர்ரே 1915இல் காலமானார். வேலை முற்றுப்பெற்றது 1928இல்.

சொல்லைப் பற்றிச் சொல்வது வேறு, சொல்லைச் சொல்வது வேறு. மீனைப் பற்றிப் பேசுகிறவன் கூடையில் மீன் இருந்தாக வேண்டும் என்பதில்லை அல்லவா?

இந்த முறையை நம் சொற்களுக்கே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல் என்ற ஆங்கிலேயரும், யூல் என்பவரும் சேர்ந்து தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் நூல் 1886இல் வெளிவந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வாயில் புகுந்த கீழைநாட்டுச் சொற்களின் தொகுதி அது. கறி, கஞ்சி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத் தண்ணீர் எல்லாம் ஆங்கில வேடத்தில் அதில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் இன்ன பயணி இன்ன ஆண்டில் இப்படி எழுதினார் என்று வாக்கியத்தோடு சாட்சி. நம் முன்னோரை ஊரிலிருந்து திரட்டிக்கொண்டு வந்த கங்காணி இருக்கிறாரே, அவரும் மலாயா, இலங்கை அரசாங்கங்களின் ஆங்கில அறிக்கைகளில் ‘கங்கானி’ என்றே வருகிறார். இலங்கைத் தோட்டங்களில் கடன் கணக்கோடு தொழிலாளியைக் கட்டிப்போட்ட ‘துண்டு’ முறையும் அங்கே ஆங்கிலத்தில் ‘துண்டு’ என்றே வழங்கி, 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை இருந்தது. நம் சொல் ஆங்கிலத்துக்குள் போனது என்றால் பெருமைப்படுகிறோம். எந்தெந்தச் சொல் எதற்காகப் போயிற்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்தவர்கள்தாம் நாம். இருந்தும் சிவப்புக் கோடு போட்டோம். காரணம் எளிது. ‘குண்டு’ நமக்குத் தெரிந்த சொல். தெரிந்த சொல் என்பதால் தேடவே தோன்றவில்லை. தெரியாத சொல்லாக இருந்தால் தேடியிருப்போம்.

அந்த வாரச் சனிக்கிழமை சக ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு பாலம் தாண்டினோம். முதலில் தேக்கா. சிராங்கூன் சாலை முனையில் சந்தையும் உணவுக் கடைகளுமாக இருக்கும் அந்தக் கட்டடத்தை நேயர்கள் பலர் அறிவீர்கள். தேக்கா என்றதும் தேக்கு மரம் என்றுதான் நம்மவர் எண்ணுவார்கள். அது ஹொக்கியன் சீனத்தில் ‘மூங்கிலின் அடி’ என்று பொருள்படும் பெயர். 1982இல் புதுக் கட்டடம் எழும்பியபோது அதே பொருளை மாண்டரின் உச்சரிப்பில் ‘சூஜியாவ்’ என்று பலகையில் எழுதினார்கள். தமிழர் வாயில் மட்டுமல்ல, சீனர் பலர் வாயிலும் அது ஒட்டவில்லை. பலகை ஒன்று சொல்ல, சனம் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் 2000ஆம் ஆண்டு பலகையையே ‘தேக்கா’ என்று மாற்றினார்கள். நாம் போன காரியத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா?

சந்தையில் எப்படி விசாரிப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. “இப்படி ஒரு சொல் உண்டா?” என்று கேட்டால், வந்தவர் மனம் நோகக்கூடாது என்று எவரும் உண்டு என்றே சொல்லிவிடுவார்கள். ஆகவே, “ஒருவன் உங்களைக் குண்டு என்றால் என்ன நினைப்பீர்கள்?” என்று ஆங்கிலத்திலேயே கேட்டோம். மீன் வெட்டிக்கொண்டிருந்த சீனர் கத்தியை நிறுத்தாமலே, “முட்டாள் என்கிறான், சண்டைக்குப் போவேன்” என்றார். நாசி லெமாக் விற்ற மலாய்க்கார அம்மாள் சிரித்துவிட்டு, தன் தம்பியைச் சின்ன வயதில் அப்படித்தான் திட்டுவாளாம் என்றாள். இருவரில் ஒருவருக்கும் அது தமிழ்ச் சொல் என்பது தெரியாது. உடல் பருமனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பிறகு மளிகைக் கடையில் ஒரு தமிழ்ப் பெரியவர். அவரிடம் தமிழில் கேட்டோம். “குண்டுன்னா குண்டுதான் தம்பி, தடியன். இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். நாம் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே, தவறான சாக்கைத் தூக்கி வந்த கடைப்பையனை, அவனோ பங்களாதேஷிலிருந்து வந்த ஒல்லிப் பையன், ஆங்கிலத்தில் “ஏ குண்டு!” என்று அதட்டினார். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெரியவருக்குத் தாம் இரண்டு சொல் வைத்திருப்பது தெரியவில்லை. தமிழில் பேசும்போது ஒன்று, ஆங்கிலத்தில் பேசும்போது வேறொன்று.

இளைஞர்களிடமும் கேட்டோம். ஓர் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் இருவருக்குத்தான் அது தெரிந்திருந்தது. “அது அங்கிள்கள் சொல்வது” என்றான் ஒருவன். ஆகச் சொல் உண்டு, ஆனால் அதற்கு வயதாகிறது.

காதால் கேட்ட சாட்சி போதாது, அச்சில் வேண்டும். லிட்டில் இந்தியாவிலிருந்து இரயிலில் இரண்டே நிறுத்தத்தில் பூகிஸ். அங்கிருந்து சற்று நடந்தால் விக்டோரியா தெருவில் தேசிய நூலகம். 2005இல் திறந்த உயர்ந்த கட்டடம். எவரும் உள்ளே போகலாம், நாற்காலியில் உட்காரலாம், ஒரு காசு கேட்கமாட்டார்கள். பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகும் பெற்றோர்கள் துணிக்கடைக்குப் போகும் நேரத்தில் அரை மணியை இங்கே செலவிட வேண்டுகிறோம்.

1845இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ முதல் நம் ‘தமிழ் முரசு’ வரை பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்து அவர்கள் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சொல்லைத் தட்டினால் அது வரும் பக்கங்கள் திரையில் வரிசையாக நிற்கும். நாம் தட்டினோம். வந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் சக ஆசிரியர் துள்ளினார். ஆனால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்போது துள்ளல் அடங்கிற்று. பழைய தாளில் மை கலங்கிய இடத்தில் கணினி ஓர் எழுத்தை வேறோர் எழுத்தாகப் படித்துவிடுகிறது. ‘குண்டா’ என்று ஒரு சொல் இருக்கிறது. வட இந்தியாவிலிருந்து வந்து, அடியாளைக் குறிப்பது. நம் செய்தித்தாள்களில் ‘குண்டர் கும்பல்’ என்று வருகிறதே, தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டத்தைக் ‘குண்டர் சட்டம்’ என்கிறார்களே, அந்தக் குண்டர். இந்தியச் செய்திகளில் வரும் அவரெல்லாம் நம் குண்டோடு கலந்து வந்து எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தார். அவரைக் கழித்தோம். ஒரே செய்தி இரண்டு தாளில் வந்திருந்தால் ஒன்றாகக் கொண்டோம். எண்ணிக்கை இளைத்தது. இளைத்தாலும் மீதி நின்றது.

எண்ணிக்கையைவிட வலுவான சாட்சி ஒன்று அங்கே கிடைத்தது. சில்வியா தோ பைக் சூ என்னும் சிங்கப்பூர்ப் பத்திரிகையாளர், தம் நாட்டு மக்கள் பேசும் ஆங்கிலத்தைப் பற்றி நகைச்சுவையாக ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பு ‘ஏ, குண்டு!’ என்பது. வெளியான ஆண்டு 1982. பிறகு 1986இல் ‘லாகி குண்டு!’ என்று இன்னொரு நூல். ‘லாகி’ என்பது மலாய், ‘மேலும்’ என்று பொருள். மலாய்ச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் சேர்ந்து, சீனப் பெண்மணி எழுதிய ஆங்கில நூலுக்குத் தலைப்பாகிவிட்டன! சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு சொல்லை நூலின் அட்டையில் போடுவதென்றால், கடைக்கு வருகிறவன் பார்த்த உடனே விளங்கிக்கொண்டு சிரிப்பான் என்ற நம்பிக்கை பதிப்பாளருக்கு வேண்டும். விளக்கம் சொன்னால்தான் புரியும் சொல்லை அட்டையில் போட்டு எவனும் காசை இழக்கமாட்டான்.

அந்தச் சமயம் சிங்கப்பூரில் சொல்வழக்கு பற்றிய பேச்சு ஒன்று முன்னாண்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததால் நம் தேடலுக்கு இன்னும் சூடு ஏறியது. மர்ரே பொறுப்பேற்ற அதே ஆக்ஸ்போர்டு பேரகராதி 2016இல் சிங்கப்பூர் ஆங்கிலத்திலிருந்து 19 சொற்களைச் சேர்த்தது. ‘ஷியோக்’, ‘லெபாக்’, ‘தே தாரிக்’, ‘ஹாக்கர் சென்டர்’ போன்றவற்றைப் பார்த்து ஊரே மகிழ்ந்தது. ஆனால் பட்டியலில் ‘சைனீஸ் ஹெலிகாப்டர்’ என்றும் ஒன்று இருந்தது. சீன மொழிப் பள்ளியில் படித்து ஆங்கிலம் அதிகம் வராதவர்களைக் கேலி செய்யும் சொல்லாம். ‘சைனீஸ் எஜுகேட்டட்’ என்பதை அவர்கள் சரியாக உச்சரிக்கமாட்டார்கள் என்று கிண்டல் செய்ததில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். இளையவர்கள் பலர், “இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லையே, அகராதிக்காரரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள்” என்றார்கள். இராணுவச் சேவை முடித்த மூத்தவர்கள் சிலர், “எங்கள் காலத்தில் முகாமில் கேட்டிருக்கிறோம்” என்றார்கள். அதை மறுபடி ஆராய்வதாக அகராதி ஆசிரியர்கள் அறிவித்தார்கள்.

இதில் இரு தரப்பையும் நாம் குறை சொல்லமாட்டோம். நான் கேட்டதில்லை என்பது என் காதைப் பற்றிய செய்தி. சொல்லைப் பற்றிய செய்தி ஆகாது. அதே சமயம், ஒரு முகாமில் ஒரு தலைமுறை சொன்ன கேலியை நாட்டின் வழக்கு என்று எழுதும்போது எங்கே, எப்போது, யார் வாயில் என்று சேர்த்து எழுதாவிட்டால் மற்றவர் கோபப்படத்தான் செய்வார்கள். கேலிச் சொல்லுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். கேலி செய்தவன் மறந்துவிடுவான். கேட்டவன் நினைவில் வைத்திருப்பான். கங்காணி காலத்துச் சொற்கள் சில இன்னும் நம் பாட்டிகளின் நினைவில் இருக்கவில்லையா?

மாலைக்குள் நமக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது. சிங்கப்பூரில் பேசும் ஆங்கிலத்தில் ‘குண்டு’ உண்மையான வழக்கு. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாத பல பேர், பல ஆண்டுகளாக, ஒரே பொருளில் சொல்லியும் எழுதியும் வந்திருக்கிறார்கள். நம் தமிழ்க் குண்டிலிருந்தே அது கிளம்பியது என்பதே பொதுவான கருத்து. போன இடத்தில் உடம்பை விட்டுவிட்டு மூளையைப் பிடித்துக்கொண்டது. இது அதிசயமில்லை. நம் மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயர் சமையற்கட்டில் இறைச்சி சூப் ஆகிவிட்டது. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம் அவர்களிடம் இரட்டை அடிப்பாகம் கொண்ட உல்லாசப் படகாகிவிட்டது. ‘நாற்றம்’ என்றால் பழந்தமிழில் நறுமணம். இன்று அப்படிச் சொன்னால் மூக்கைப் பொத்துவார்கள். தவுக்கே என்ற சொல்லே ஹொக்கியனிலிருந்து மலாய்க்கும், அங்கிருந்து நமக்கும் ஆங்கிலத்துக்கும் வந்ததுதான்.

சிறுமியின் கேள்விக்கு விடை கிடைத்தது. அந்தத் தவுக்கே தமிழ் பேசவில்லை. ஆங்கிலம்தான் பேசியிருக்கிறார். சிவப்புக் கோடு தவறு.

ஆனால் திரும்பி வரும் பேருந்தில் நமக்கு உறைத்தது வேறொன்று. சொல் சரியென்றால் பொருள் என்ன? தன் தந்தையைக் கூப்பிடும் சொல் ‘தடியன்’ என்று அந்தப் பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அது ‘மடையன்’ என்று நாம் கண்டுபிடித்து வந்திருக்கிறோம். மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கப் போய் இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளையிடம் பேசுமுன் தந்தையைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனோம். மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். தனியே அழைத்து, “அண்ணே, தப்பா நினைக்காதீங்க” என்று தொடங்கி, சந்தையில் கேட்டது, நூலகத்தில் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னோம். அவர் குழாயை நிறுத்தினார்.

“தெரியும் வாத்தியாரே. அங்க வேலைக்குச் சேர்ந்த மொத வாரமே தெரியும். தவுக்கே நல்ல மனுசன்தான். சம்பளம் ஒருநாள் தள்ளினதில்ல. கோவம் வந்தா எல்லாரையும் அப்படித்தான் சொல்வாரு, சொந்த மகனையும் சொல்வாரு. அன்னைக்குப் பிள்ளை முன்னாலயும் வாயில வந்திருச்சு. ‘ஏம்பா உங்கள குண்டுங்கிறாரு’ன்னு கேட்டுச்சு. மடையன்னு சொல்றாருன்னு நான் எப்படிச் சொல்றது? நம்ம குண்டுதாம்மா, உடம்பத்தான் சொல்றாரு, வெளையாட்டுக்குன்னு சொல்லி வச்சேன். அது போய்க் கட்டுரை எழுதும்னு எனக்குத் தெரியுமா?”

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “மார்க்கு மட்டும் குடுத்திருங்க” என்றார்.

திங்கட்கிழமை அந்தப் புத்தகத்தை வாங்கி, ஓரத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘சிங்கப்பூர் ஆங்கிலத்தில் வழங்கும் சொல். ஆசிரியர் தவறு’ என்று எழுதி, இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கூட்டினோம். கட்டுரை போட்டிக்குப் போயிற்று. பரிசு கிடைக்கவில்லை. அது வேறு கதை.

புத்தகத்தை வாங்கிக்கொண்டவள் உடனே போகவில்லை. “அப்போ அதுக்குப் பொருள் என்ன சார்?” என்றாள். அகராதியில் இல்லாத சொல்லுக்குப் பொருள் கேட்கிறவள், அகராதியைக் காட்டினால் நம்பமாட்டாள் என்பது நமக்கு முன்பே தெரிந்திருந்தது.

“அதை உன் அப்பாகிட்ட கேட்டுக்கம்மா” என்றோம்.

கேட்டாளா, அவர் என்ன சொன்னார் என்பது அவர்கள் வீட்டுச் செய்தி. நாம் விசாரிக்கவில்லை.